நியூட்ரான் முறையில் தனிம அளவு காண மாதிரி அனுப்பப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

நான் முதல்முறை அனுப்பிய மண் மாதிரிகளில் பாதிக்கு மேல் பயன்படாமல் போயின. அணுஉலையில் கோளாறு இல்லை, கதிர்களை எண்ணும் கருவியிலும் இல்லை. மண்ணை அரைத்த இயந்திரத்தின் கிண்ணம் டங்ஸ்டன் கார்பைடால் ஆனது. அரைபடும்போது உரசி உதிர்ந்த டங்ஸ்டனும் கோபால்ட்டும் டாண்டலமும் மாதிரியோடு கலந்துவிட்டன. கோபால்ட் அளவு தாறுமாறாக ஏறியிருந்தது. முதல் வாரத்து ஸ்பெக்ட்ரத்தில் (எந்த ஆற்றலில் எத்தனை கதிர் வந்தது என்று காட்டும் வரைபடம்) டங்ஸ்டனைத் தவிர வேறெதுவும் ஒழுங்காகத் தெரியவில்லை. இது எனக்குத் தெரியவர 5 மாதம் ஆயிற்று. அனுப்பும் முன் யாராவது அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அத்தனையும் மிச்சம். அந்த அரை மணி நேரப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முறை என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதிரியை ஆராய்ச்சி அணுஉலைக்குள் வைக்கிறார்கள். அதிலுள்ள அணுக்கருக்களில் ஒரு சிறு பங்கு நியூட்ரானைப் பிடித்துக்கொண்டு கதிரியக்க ஐசோடோப்பாக மாறுகிறது. வெளியே எடுத்த பிறகு ஒவ்வொரு ஐசோடோப்பும் தனக்கே உரிய ஆற்றலில் காமா கதிர் விடும். அந்த ஆற்றலைப் பார்த்தால் எந்தத் தனிமம் என்று தெரியும். எத்தனை கதிர் வந்தது என்று எண்ணினால் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். அமிலத்தில் கரைக்க வேண்டியதில்லை. கால் கிராம் தூளில் 20, 30 தனிமங்களை ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடலாம்.

ஆனால் மற்ற சோதனைகளைப் போல மாதிரியைக் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். இதில் எல்லாமே நேரக் கணக்கு. எவ்வளவு நேரம் உலைக்குள், கதிரியக்கம் தணிய எத்தனை நாள் ஆறவிடுவது, எத்தனை மணி நேரம் எண்ணுவது என்ற மூன்றும் உங்களுக்கு எந்தத் தனிமம் வேண்டும் என்பதைப் பொறுத்தே அமையும். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆய்வகத்தின் வழக்கமான அட்டவணையில் உங்கள் மாதிரி போகும். உங்களுக்கு வேண்டிய தனிமம் அதில் விட்டுப்போகலாம்.

1. உங்கள் தனிமம் இந்த முறைக்குப் பிடிபடுமா?

விண்ணப்பம் நிரப்பும் முன் பார்க்க வேண்டியது இதுதான். நியூட்ரானைப் பிடித்து, வசதியான அரை ஆயுளோடு (கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரம்), தெளிவான காமா கதிரையும் விடும் தனிமம்தான் இதில் நன்றாகத் தெரியும்.

நன்றாகத் தெரிபவை: தங்கம், ஆர்செனிக், ஆன்டிமனி, ஸ்கேண்டியம், கோபால்ட், மாங்கனீஸ், சோடியம், புரோமின், லாந்தனம், சமாரியம், யூரோப்பியம், தோரியம், யுரேனியம். எவ்வளவு நுணுக்கமாகத் தெரியும் என்பதற்குத் தங்கமே சாட்சி. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு 10 லட்சம் கோடி நியூட்ரான் பாயும் இடத்தில் ஒரு மைக்ரோகிராம் தங்கத்தை 1 மணி நேரம் வைத்தால் நொடிக்கு ஏறக்குறைய 32,000 சிதைவு கிடைக்கும். எண்ணுவதற்கு அது தாராளம்.

பிடிபடாதவை: ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவை வழக்கமான முறையில் தெரியாது. பாஸ்பரஸ் நியூட்ரானைப் பிடித்தாலும் பீட்டா கதிர் மட்டுமே விடுகிறது. காமா டிடெக்டருக்கு அதைக் காட்ட முடியாது. கந்தகம், சிலிக்கன் இரண்டும் மிக மோசம். புதியவர்கள் அதிகமாக ஏமாறுவது ஈயத்தில்தான். மாசு ஆய்வு என்றதும் ஈயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசம் என்று நாலையும் எழுதிக் கொடுப்பார்கள். ஆர்செனிக் அழகாக வரும், ஈயம் வராது. ஈயம்தான் உங்கள் கேள்வி என்றால் இங்கேயே நிறுத்திக்கொண்டு பிளாஸ்மா வழி நிறமாலை ஆய்வுக்குப் போய்விடுங்கள். நேரமும் பணமும் மிஞ்சும்.

2. அரை ஆயுளை வைத்துக் கால அட்டவணை போடுங்கள்

ஒரு தாளை எடுத்து, வேண்டிய தனிமங்களை வரிசையாக எழுதி, எதிரே அது எந்த ஐசோடோப்பாக மாறும், அரை ஆயுள் எவ்வளவு, எந்த ஆற்றலில் கதிர் விடும் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவை தாமாகவே மூன்று கூட்டங்களாகப் பிரிந்துவிடும். இனி ஆற்றலை எல்லாம் கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில், கி.எ.வோ. என்று சுருக்கிச் சொல்கிறேன்.

நிமிடக் கூட்டம்: அலுமினியம்-28 (2.24 நிமிடம், 1779 கி.எ.வோ.), வனேடியம்-52 (3.74 நிமிடம், 1434), மக்னீசியம்-27 (9.5 நிமிடம், 1014), குளோரின்-38 (37 நிமிடம், 1642), இதோடு மாங்கனீஸ்-56 (2.58 மணி நேரம், 847). இவற்றுக்குச் சில நொடி முதல் ஓரிரு நிமிடம் வரை கதிர்வீச்சு போதும். எடுத்தவுடனே எண்ண வேண்டும்.

நாள் கூட்டம்: சோடியம்-24 (15 மணி நேரம், 1369), பொட்டாசியம்-42 (12.4 மணி நேரம், 1525), ஆர்செனிக்-76 (26 மணி நேரம் சொச்சம், 559), புரோமின்-82 (35 மணி நேரம், 776), லாந்தனம்-140 (1.68 நாள், 1596), தங்கம்-198 (2.7 நாள், 412). யுரேனியமும் நெப்டூனியம்-239 வழியாக (2.36 நாள், 278) இந்தக் கூட்டத்தில்தான் சேரும். சில மணி நேரக் கதிர்வீச்சு; 3 முதல் 7 நாள் ஆறவிட்டு எண்ணுவார்கள்.

வாரக் கூட்டம்: குரோமியம்-51 (27.7 நாள், 320), இரும்பு-59 (44.5 நாள், 1099), ஸ்கேண்டியம்-46 (84 நாள், 889), செலினியம்-75 (120 நாள், 265), துத்தநாகம்-65 (244 நாள், 1115.5), கோபால்ட்-60 (5.27 ஆண்டு, 1332). தோரியம் இங்கே புரோட்டாக்டினியம்-233 ஆக (27 நாள், 312) வந்து நிற்கும். இவற்றுக்கு 3, 4 வாரம் ஆறவிட வேண்டும்; ஒவ்வொரு மாதிரியையும் பல மணி நேரம் எண்ண வேண்டும்.

ஏன் இவ்வளவு காத்திருப்பு என்று கேட்பீர்கள். மண்ணிலும் திசுவிலும் இலையிலும் சோடியம் ஏராளம். முதல் இரண்டு நாளில் அது போடும் இரைச்சலில் மற்றவை கேட்காது. 5 நாள் என்பது சோடியம்-24-க்கு எட்டு அரை ஆயுள். அதற்குள் அது 256-இல் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். காத்திருப்பதே இங்கே பாதி வேலை.

கதிர்வீச்சு நேரத்திலும் பேராசை வேண்டாம். ஓர் அரை ஆயுள் நேரம் உலையில் வைத்தால் எட்டக்கூடிய உச்சத்தில் 50 விழுக்காடு, இரண்டு அரை ஆயுள் வைத்தால் 75, மூன்று வைத்தால் 87.5. அதற்கு மேல் வைத்தால் உங்கள் ஐசோடோப்பு பெரிதாக ஏறாது. நீண்ட ஆயுள் கொண்ட மற்ற ஐசோடோப்புகள்தான் கூடிக்கொண்டே போகும்.

மூன்று கூட்டமும் வேண்டும் என்றால் கதிர்வீச்சு நாளிலிருந்து முடிவு கைக்கு வர 6 முதல் 8 வாரம் என்று கணக்கு வையுங்கள். உலையில் இடம் கிடைக்கக் காத்திருக்கும் நாட்கள் இதில் சேராது. ஆய்வேடு சமர்ப்பிக்கும் தேதி இருந்தால் அங்கிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்.

3. அணுஉலையைத் தேடுவதும் தாள்களும்

சர்வதேச அணுசக்தி முகமை உலகின் ஆராய்ச்சி அணுஉலைகளைப் பற்றி ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. எந்த உலை ஓடுகிறது, எது மூடப்பட்டது, எதில் நியூட்ரான் பகுப்பாய்வு செய்கிறார்கள் என்று அதில் தேடலாம். தேடிக் கண்டுபிடித்ததும் மாதிரி விவரம் எழுதி அனுப்புவதற்கு முன்னால் நான்கு கேள்வி கேளுங்கள்: அடுத்த பராமரிப்பு நிறுத்தம் எப்போது? நிமிடக் கூட்டத்துக்கான காற்றழுத்தக் குழாய் (மாதிரியை உலைக்குள் அனுப்பி நொடிகளில் வெளியே எடுப்பது) வேலை செய்கிறதா? வெளியார் மாதிரியை எண்ண டிடெக்டர் காலியாக இருக்கிறதா? தரமாதிரி (தனிம அளவு முன்பே தெரிந்த ஒப்பீட்டுத் தூள்) அவர்கள் தருவார்களா, நாம் கொண்டுவர வேண்டுமா?

மூன்றாவது கேள்வியை நான் கேட்கவில்லை. உலையில் இடம் உடனே கிடைத்தது. டிடெக்டருக்கு வரிசை நீளமாக இருந்தது. என் நாள் கூட்டத்துத் தனிமங்கள் அந்த வரிசையில் நின்றபடியே சிதைந்து தீர்ந்தன.

தாள்களில் பொதுவாகக் கேட்கப்படுபவை இவை. விண்ணப்பப் படிவத்தில் ஒவ்வொரு மாதிரியின் எடை, ஏறத்தாழ என்ன கலவை, எவ்வளவு நேரக் கதிர்வீச்சு, வெளியே வரும்போது எதிர்பார்க்கும் கதிரியக்க அளவு எல்லாம் இருக்க வேண்டும். கலவையைத் தோராயமாக எழுதாதீர்கள். போரான், காட்மியம், காடோலினியம் போன்றவை நியூட்ரானை உறிஞ்சித் தள்ளிவிடும். மாதிரியின் உட்பகுதிக்கு நியூட்ரான் போய்ச்சேராது, அளவு குறைந்து காட்டும். உலையின் பாதுகாப்புக் குழுவும் இவற்றைத் தெரிந்துகொண்டுதான் அனுமதி தரும். திரவம், எளிதில் ஆவியாகும் பொருள், வெடிக்கக்கூடியது, தனிப் பாதரசம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் நேரடியாக மறுப்புதான் வரும். மூடிய குப்பிக்குள் வாயு உண்டாகி வெடித்தால் உலைக்குள்ளே அசம்பாவிதம் ஆகும்.

மாதிரியைப் பொறுத்து வேறு அனுமதிகளும் தேவைப்படும். மண்ணை எல்லை தாண்டி அனுப்புவதற்குப் பல நாடுகளில் தாவரத் தனிமைப்படுத்தல் அனுமதி வேண்டும். மனித முடி, நகம், திசு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். தொல்பொருள் என்றால் அதற்குப் பொறுப்பான துறையின் எழுத்துபூர்வ அனுமதி. அதிலும் மாதிரி திரும்பி வராது என்பதை வெளிப்படையாக எழுதி வாங்க வேண்டும்.

ஆம், பெரும்பாலும் திரும்பி வராது. கதிர்வீச்சுக்குப் பிறகு அது கதிரியக்கப் பொருள். அனுப்பும்போது சாதாரணப் பார்சல். திரும்பி வருவதென்றால் ஏழாம் வகுப்பு ஆபத்துச் சரக்கு, பெறுபவருக்கு உரிமமும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பங்கைக் கதிர்வீச்சுக்கு அனுப்பாமல் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணும்போது நீங்களும் கூடவே இருக்க விரும்பினால் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பயிற்சியும் உடலில் அணியும் கதிர்வீச்சு அளவிப் பட்டையும் தேவை. பயிற்சித் தேதிகள் அடிக்கடி வருவதில்லை. முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

4. செலவு எங்கெங்கே ஒளிந்திருக்கிறது

கட்டணத்தைப் பெரும்பாலும் ஒரு மாதிரிக்கு இவ்வளவு என்றுதான் சொல்வார்கள். அது எந்தக் கூட்டத்துக்கு என்று கேளுங்கள். நிமிடக் கூட்டம் தனிக் கதிர்வீச்சு, மற்ற இரண்டும் சேர்ந்து இன்னொரு கதிர்வீச்சு. இரண்டும் வேண்டுமென்றால் ஒரே மாதிரிக்கு இரண்டு கட்டணம் வரலாம். வாரக் கூட்டத்தில் செலவை ஏற்றுவது உலை நேரம் இல்லை, டிடெக்டர் நேரம். இதற்கு மேல் கழிவு அகற்றும் கட்டணம், குவார்ட்ஸ் குப்பி, பார்சல் செலவு எல்லாம் தனித்தனியாக வரும்.

இதில் ஒரு கணக்கு எல்லோரும் மறப்பது. தரமாதிரிகளும் வெற்றுக் குப்பிகளும் மாதிரிகளாகத்தான் எண்ணப்படும், கட்டணமும் உண்டு. நான் இப்போது 40 இடத்துக்குப் பணம் கட்டினால் அதில் 28 மட்டுமே என் மாதிரிகளுக்கு. மீதி 12-இல் தரமாதிரி 5, வெற்றுக் குப்பி 3, ஒரே மாதிரியை இரண்டாம் முறை வைப்பது 4. இதைக் குறைத்து மாதிரி எண்ணிக்கையைக் கூட்டத் தோன்றும், செய்யாதீர்கள். 40 மாதிரிக்கு எண்கள் கையில் இருந்து, அவை சரியா என்று சொல்ல வழி இல்லாவிட்டால் அந்தப் பணம் முழுவதும் போனது போலத்தான்.

5. அரைப்பது, உலர்த்துவது, நிறுப்பது

என் கதையை மேலே சொல்லிவிட்டேன். அகேட் உரலில் அரையுங்கள். டங்ஸ்டன் கார்பைடு கூடாது; எஃகு ஆலை இரும்பு, குரோமியம், மாங்கனீஸ் சேர்க்கும். ஒவ்வொரு மாதிரிக்கும் இடையில் தூய குவார்ட்ஸ் மணலைக் கொஞ்சம் அரைத்துக் கொட்டி, உரலைக் கழுவித் துடையுங்கள். 75 மைக்ரான் சல்லடையில் போகும் அளவுக்குத் தூள் ஆக வேண்டும். சல்லடை நைலானாக இருக்கட்டும், பித்தளை வேண்டாம். விரலில் உள்ள மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். தங்கம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் இந்த முறை காட்டிக்கொடுத்துவிடும் என்று மேலே பார்த்தோமே.

உலர்த்துவதில் ஒரு கண்ணி உண்டு. 105 டிகிரி அடுப்பில் வைத்தால் ஈரம் போகும். பாதரசம் போன்ற ஆவியாகும் தனிமங்களும் கொஞ்சம் போகும். உறைநிலையில் உலர்த்தும் கருவி இருந்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் மாதிரியை அப்படியே நிறுத்துக்கொண்டு, அதே நேரத்தில் வேறொரு பங்கை அடுப்பில் உலர்த்தி ஈர விழுக்காட்டைக் கண்டு, கடைசியில் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

எடை 100 முதல் 300 மில்லிகிராம், அதுவும் 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசில். வெற்றுக் குப்பி எடை, நிரப்பிய எடை இரண்டையும் அன்றன்றே நோட்டில் எழுதுங்கள். தாதுக்கல்லில் தங்கம் தேடுகிறவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும்: தங்கம் துகள் துகளாகக் கிடப்பதால் 100 மில்லிகிராமில் ஒரு துகள் அகப்பட்டால் ஓர் அளவு, அகப்படாவிட்டால் வேறோர் அளவு. அதே கல்லில் நாலைந்து பங்கு வைத்துத்தான் முடிவுக்கு வர முடியும்.

6. குப்பி, தரமாதிரி, வெற்றுக் குப்பி

குறுகிய கதிர்வீச்சுக்குப் பாலித்தீன் குப்பி போதும். பல மணி நேரம் வலுவான நியூட்ரான் பாய்ச்சலில் இருந்தால் பாலித்தீன் நொறுங்கிப்போகும். அப்போது உருக்கி மூடிய தூய குவார்ட்ஸ் குழாய் வேண்டும். பாதரசம் தேடுகிறவர்களுக்கும் குவார்ட்ஸ்தான், பாலித்தீனில் அது கசிந்து வெளியேறிவிடும். எந்தக் குப்பியானாலும் நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஒரு நாள் ஊறவைத்து, தூய நீரில் அலசி, தூசி படாமல் காயவையுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். வியர்வையில் சோடியமும் குளோரினும் இருக்கின்றன.

பெயர் எழுதும் மை வேண்டாம், ஒட்டும் சீட்டும் வேண்டாம். மையில் உலோகம் இருக்கும், பசை கதிர்வீச்சில் உதிரும். ஊசி முனையால் குப்பியில் எண்ணைக் கீறுங்கள்.

தரமாதிரி என்பது தனிம அளவுகள் சான்றளிக்கப்பட்ட தூள். இது இரண்டு வேலைக்குத் தேவை: ஒன்றை வைத்து உங்கள் மாதிரியின் அளவைக் கணக்கிடுகிறோம், வேறொன்றைத் தெரியாத மாதிரி போல வைத்து நம் முடிவு சரியா என்று சோதிக்கிறோம். ஒரே தூளை இரண்டு வேலைக்கும் வைத்தால் அது சோதனை ஆகாது. மண்ணுக்கு மண் தரமாதிரி, இலைக்கு இலைத் தரமாதிரி என்று உங்கள் மாதிரியை ஒத்ததாகத் தேர்ந்தெடுங்கள். சர்வதேச அணுசக்தி முகமையின் சாயில்-7 தூளும், அமெரிக்கத் தர நிறுவனத்தின் ஆப்பிள் இலை, பீச் இலைத் தூள்களும் இந்தத் துறையில் நெடுங்காலமாகப் புழங்குபவை. சான்றிதழை முழுதாகப் படியுங்கள். குறைந்தபட்சம் இத்தனை மில்லிகிராம் எடுத்தால்தான் சான்று செல்லும் என்று அதில் போட்டிருப்பார்கள். சில தனிமங்களுக்குக் கொடுத்திருப்பது சான்றளித்த அளவு இல்லை, தகவலுக்கான அளவு மட்டுமே.

7. கதிர்வீச்சு நாள்

நீளமான கதிர்வீச்சில் ஒரே பெட்டியில் பல குப்பிகள் அடுக்கப்படும். பெட்டியின் மேலும் கீழும் நியூட்ரான் பாய்ச்சல் ஒன்றாக இருக்காது. ஆகவே தரமாதிரிகளை ஒரே மூலையில் குவிக்காமல் மேல், நடு, கீழ் என்று பரப்பி வைக்கச் சொல்லுங்கள். இடையிடையே எடை தெரிந்த மெல்லிய இரும்புக் கம்பித் துண்டுகளை வைத்தால் வேறுபாட்டைப் பிற்பாடு திருத்திக்கொள்ளலாம். எந்தக் குப்பி எந்த இடத்தில் இருந்தது என்று படம் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிமிடக் கூட்டத்தில் உயிர்நாடி கடிகாரம். உலைக் கட்டுப்பாட்டு அறைக் கடிகாரமும் எண்ணும் கணினியின் கடிகாரமும் ஒத்துப்போகிறதா என்று வேலை தொடங்கும் முன் நேரில் பாருங்கள். அலுமினியம்-28-இல் 15 நொடிப் பிழை 8 விழுக்காட்டுப் பிழையாக வந்து நிற்கும். ஒரு நிமிடம் பிசகினால் அளவு ஒன்றேகால் மடங்குக்கும் மேலாக ஏறிவிடக்கூடும். உலையிலிருந்து வெளியே வந்த நேரம், எண்ணத் தொடங்கிய நேரம், முடித்த நேரம் மூன்றையும் நொடியோடு எழுதுங்கள்.

வெளியே வந்த குப்பியைக் கையால் தொடக் கூடாது. இடுக்கியும் ஈயத் தடுப்பும் ஏன் இருக்கின்றன என்று பயிற்சியிலேயே சொல்வார்கள். எண்ணும் முன் தூளைப் புதிய குப்பிக்கு மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள், பழைய குப்பியின் மாசு கூடவே எண்ணப்படாது. மாற்ற முடியாத இடத்தில் வெற்றுக் குப்பியின் அளவைக் கழிக்கத்தான் வேண்டும்.

8. எண்ணும் மேசையில்

எண்ணுவது திரவ நைட்ரஜன் வெப்பநிலைக்குக் குளிர்வித்த உயர்தூய்மை ஜெர்மானியம் டிடெக்டரில். எண்ணத் தொடங்கும் முன் ஆற்றல் அளவீட்டைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்: சீசியம்-137 மூலத்தின் பீக் (ஸ்பெக்ட்ரத்தில் எழும் கூர்முனை) 661.7-இல், கோபால்ட்-60 பீக்குகள் 1173.2, 1332.5-இல் உட்கார வேண்டும். நல்ல டிடெக்டரில் 1332 பீக்கின் அகலம் பாதி உயரத்தில் 2 கி.எ.வோ.வைத் தாண்டாது. அதற்கு மேல் அகன்றிருந்தால், பக்கத்துப் பக்கத்துப் பீக்குகள் ஒன்றாகிவிடும். பின்னணியில் 1460.8-இல் ஒரு பீக் எப்போதும் தெரியும். அது கட்டடத்திலுள்ள இயற்கைப் பொட்டாசியம்-40, உங்கள் மாதிரியில் உள்ளது இல்லை.

டெட் டைம் என்பது கருவி ஒரு கதிரைக் கணக்கெடுக்கும்போது அடுத்ததைத் தவறவிடும் நேரம். திரையில் விழுக்காடாகக் காட்டும். 10-க்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். ஏறினால் மாதிரியைத் தள்ளி வையுங்கள், அல்லது இன்னும் ஆறவிடுங்கள். ஆனால் தள்ளி வைத்தால் தரமாதிரியையும் அதே தூரத்தில்தான் எண்ண வேண்டும். குப்பியில் தூளின் உயரமும் ஒத்திருக்கட்டும்.

டிடெக்டருக்கு ஒட்டினாற்போல வைத்து எண்ணுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோபால்ட்-60, ஸ்கேண்டியம்-46, புரோமின்-82 போன்றவை ஒரே சிதைவில் இரண்டு, மூன்று கதிர்களை அடுத்தடுத்து விடும். நெருக்கத்தில் அவை ஒன்றாக விழுந்து ஒரே கதிராகப் பதிவாகும். இரண்டு பீக்கிலும் எண்ணிக்கை குறையும். மாதிரியும் தரமாதிரியும் ஒரே இடத்தில் இருந்தால் இந்த இழப்பு இரண்டிலும் ஒன்றே என்பதால் விகிதத்தில் அடிபட்டுவிடும்.

எவ்வளவு நேரம் எண்ணுவது? ஒரு பீக்கில் 100 எண்ணிக்கை என்றால் 10 விழுக்காடு நிச்சயமின்மை, 10,000 என்றால் 1 விழுக்காடு. பிழையைப் பாதியாக்க நேரத்தை நாலு மடங்காக்க வேண்டும். எனவே எந்தத் தனிமத்துக்கு எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்று முன்னமே தீர்மானித்துக்கொண்டு போங்கள்.

9. ஒன்றின் மேல் ஒன்று விழும் பீக்குகள்

மென்பொருள் பெயரிட்டுத் தரும் பட்டியலை அப்படியே நம்பிவிடாதீர்கள். கெட்டிக்காரர்களும் ஏமாறும் இடம் இது.

ஆர்செனிக்கின் 559-க்கு இடப்பக்கம் புரோமினின் 554, வலப்பக்கம் ஆன்டிமனியின் 564 நிற்கும். கடலோர மண்ணிலும் கடற்பாசியிலும் புரோமின் மலைபோல் எழுந்து ஆர்செனிக்கை மறைக்கும்.

துத்தநாகத்தின் 1115.5 மிகவும் பாவப்பட்டது. ஒரு பக்கம் யூரோப்பியத்தின் 1112, மறுபக்கம் ஸ்கேண்டியத்தின் 1120.5. மண்ணில் துத்தநாகம் குறைவாக இருந்தால் எனக்கு அந்த எண்ணில் நம்பிக்கை வருவதே இல்லை.

பாதரசத்தின் 279-இல் செலினியமும் கதிர் விடும். செலினியத்தின் 265 பீக்கை அளந்து, 279-இல் அதன் பங்கு எவ்வளவு என்று கழித்த பிறகு மிஞ்சுவதுதான் பாதரசம்.

மாங்கனீஸ் 847-க்குப் பக்கத்தில் மக்னீசியத்தின் 844 இருக்கிறது. இதற்கு மருந்து காலம்தான்: இரண்டு மணி நேரம் பொறுத்தால் மக்னீசியம்-27 காணாமல் போய்விடும், மாங்கனீஸ் தனியாக நிற்கும்.

இதைவிட ஆபத்தானது பீக்கைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாத வகை. வேகமான நியூட்ரான்கள் சிலிக்கனிலிருந்தும் பாஸ்பரசிலிருந்தும் அதே அலுமினியம்-28-ஐ உண்டாக்கும். எலும்பில் பாஸ்பரஸ் அதிகம். அங்கே அலுமினியம் என்று காட்டுவதில் பெரும்பகுதி பாஸ்பரசாக இருக்கலாம். அதேபோல யுரேனியம் பிளவுபட்டு லாந்தனம்-140, சீரியம்-141, நியோடிமியம்-147 எல்லாம் தானே உண்டாகும். யுரேனியம் கூடுதலாக உள்ள பாறையில் லாந்தன வரிசைத் தனிமங்களைப் பார்க்கிறவர்கள் தூய சிலிக்கன், பாஸ்பரஸ், யுரேனியம் மாதிரிகளைத் தங்கள் மாதிரிகளோடு அதே உலை இடத்தில் வைத்து, அவை எவ்வளவு பொய்க் கணக்கு கூட்டுகின்றன என்று அளந்து கழிக்க வேண்டும். உலையில் இடம் மாறினால் இந்தத் திருத்தமும் மாறும். வேறொருவர் அளந்த எண்ணைக் கடன் வாங்காதீர்கள்.

10. கணக்கு

புதியவர்களுக்கு ஒப்பீட்டு முறையே போதும். ஓர் எடுத்துக்காட்டு. தரமாதிரிக் குப்பியில் 4 மைக்ரோகிராம் ஆர்செனிக் இருக்கிறது. 1 மணி நேரத்தில் 559 பீக்கில் 20,000 எண்ணிக்கை. உங்கள் மாதிரி 0.2 கிராம், 26 மணி நேரம் கழித்து அதே இடத்தில் 1 மணி நேரம் எண்ணியதில் 3,000. அந்த 26 மணி நேரத்தில் ஆர்செனிக்-76 ஏறத்தாழப் பாதியாகிவிட்டது, எனவே தரமாதிரியின் நேரத்துக்குக் கொண்டுவர 3,000-ஐ இரட்டிக்க வேண்டும்: 6,000. இனி விகிதம்: 4 × 6,000 ÷ 20,000 = 1.2 மைக்ரோகிராம். 0.2 கிராமால் வகுத்தால் கிராமுக்கு 6 மைக்ரோகிராம். ஈரத்தையும் வெற்றுக் குப்பியையும் கழித்துக்கொள்ளுங்கள், முடிந்தது.

கே-நாட் என்று இன்னொரு முறை உண்டு. தங்கம் கலந்த மெல்லிய அலுமினியக் கம்பியை மட்டும் ஒப்பீட்டுக்கு வைத்து, மற்றத் தனிமங்களை அட்டவணை எண்களைக் கொண்டு கணக்கிடுவார்கள். அதற்கு உலையின் நியூட்ரான் குணங்களையும் டிடெக்டரின் திறனையும் துல்லியமாக அளந்திருக்க வேண்டும். அந்த ஆய்வகம் ஏற்கெனவே அப்படிச் செய்துவருகிறது என்றால் தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் சோதனைத் தரமாதிரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

11. அறிக்கை கைக்கு வந்ததும்

முதலில் பார்க்க வேண்டியது உங்கள் மாதிரியின் எண்களை இல்லை, சோதனைத் தரமாதிரியின் எண்களை. சான்றளித்த அளவோடு, இரண்டின் நிச்சயமின்மைக்குள், ஒத்துப்போகிறதா? எந்தத் தனிமம் ஒத்துப்போகவில்லையோ அந்த நிரல் முழுவதையும் ஒதுக்கி வைத்துவிட்டுக் காரணம் கேளுங்கள்.

"கண்டறியப்படவில்லை" என்று போட்டிருந்தால் சுழியம் என்று எழுதிவிடாதீர்கள். கண்டறியும் எல்லை எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். பொதுவாக எடுத்துக்கொள்ளும் கணக்கு, பின்னணி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 4.65-ஆல் பெருக்கி 2.71 கூட்டுவது. பின்னணி மாதிரிக்கு மாதிரி மாறுவதால் எல்லையும் மாறும். சோடியம் நிறைந்த மாதிரியில் எல்லை உயரும். எல்லா மாதிரிக்கும் ஒரே எல்லையை எழுதிக் கொடுத்திருந்தால் அது உங்கள் ஸ்பெக்ட்ரத்திலிருந்து வந்ததில்லை.

அப்புறம், முடிவு அட்டவணையோடு மூல ஸ்பெக்ட்ரம் கோப்புகளையும், கதிர்வீச்சு நேரம், ஆறவிட்ட நேரம், எண்ணிய நேரம், டெட் டைம், எண்ணிய தூரம் எழுதிய தாளையும் கேட்டு வாங்கி வையுங்கள். என் இரண்டாம் தொகுதியில் நான் கேட்டது ஆர்செனிக்கும் குரோமியமும் மட்டுமே. ஒரு வருடம் கழித்து ஆன்டிமனி தேவைப்பட்டது. கோப்புகள் கையில் இருந்ததால் ஆன்டிமனி-124-இன் 1691 பீக்கைத் திறந்து பார்த்து, அதே தரமாதிரியை வைத்து ஒரே மாலையில் 28 மாதிரிக்கும் அளவு எடுத்துவிட்டேன். உலைக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருக்கவில்லை.